பெட்டி டீனின் பக்கம்

நாயகர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் அமெரிக்கக் காமிக்ஸ் நேற்று முளைத்த சரக்கல்ல. பின்னாளில் மார்வெல் என்று பெயர் மாறிய டைம்லி நிறுவனம், 1940-இலேயே ‘மார்வெல் மிஸ்டரி காமிக்ஸ்’ இதழில் ஹியூமன் டார்ச் என்ற நெருப்பு மனிதனையும் கடலடி இளவரசன் நேமோரையும் மோதவிட்டது. ஒருவன் தீ, மற்றவன் தண்ணீர்; சண்டைக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்! நேமோர் நியூயார்க்கைத் துவம்சம் செய்கிறான், டார்ச் துரத்துகிறான், 8ஆம் இதழும் 9ஆம் இதழும் அடிதடியிலேயே தீர்ந்துபோகின்றன. யாரும் ஜெயித்தபாடில்லை. 10ஆம் இதழில் ஒரே ஒரு பக்கம். பெட்டி டீன் என்ற பெண் போலீஸ் நடுவில் வந்து பேசுகிறாள். சண்டை முடிகிறது.

எனக்கு அந்த ஒரு பக்கத்தின் மேல் தனி மரியாதை உண்டு. பறக்கத் தெரியாது, நெருப்பு கக்கத் தெரியாது. ஆனாலும் அவள் சொல் எடுபட்டது. அவள் யாரையும் தோற்கடிக்க வரவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

66 ஆண்டுகள் கழித்து, 2006-இல், அதே நிறுவனம் ‘சிவில் வார்’ என்ற ஏழு இதழ்த் தொடரைத் தொடங்கியது. எழுத்து மார்க் மில்லர், ஓவியம் ஸ்டீவ் மெக்நிவன். 2016-இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதை மறந்துவிட்டு இதைக் கேட்க வேண்டும், கதை வேறு. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கெட்டவர்களைப் பிடிக்கப் போகிறது ஓர் இளைஞர் குழு. ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு அருகே, நைட்ரோ என்பவன் குண்டாக வெடிக்கிறான். 600 பேருக்கு மேல் சாகிறார்கள், அதில் குழந்தைகள் 60 பேர். சக்தி படைத்தவர்கள் எல்லோரும் அரசிடம் பெயரையும் முகத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன் மேன் டோனி ஸ்டார்க், சரி என்கிறான். கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ராஜர்ஸ், முடியாது என்கிறான். 1964-இல் பனிக்கட்டிக்குள்ளிருந்து கேப்டனை மீட்ட அவெஞ்சர்ஸ் குழுவில் டோனியும் ஒருவன். அன்று தொடங்கிய நட்பு.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போலீஸ்காரனுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் வேண்டுமென்றால் கட்டடத்தைத் தூக்கி எறிபவனுக்கு வேண்டாமா? முகம் தெரிந்தால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளை எதிரிகள் விட்டுவைப்பார்களா? இதற்கு விடை சொல்ல எனக்கு வயது போதாது. என் கவனம் போனது வேறு இடத்துக்கு. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு பெட்டி டீன் இல்லை. வாசகனையே ‘நீ யார் பக்கம்’ என்று கேட்டுத்தான் தொடரை விற்றார்கள். எல்லோரும் பக்கம் பிரிந்த பிறகு பேச ஆள் ஏது?

மூன்றாம் இதழில் வரும் ஒரு கைகுலுக்கலைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை ஒன்றில் ஆபத்து என்று நம்பிக் கேப்டன் தன் ஆட்களோடு போகிறான். அது டோனி வைத்த பொறி. சுற்றி வளைத்த டோனி, கொஞ்சம் பேசலாமே என்கிறான். கேப்டன் கையை நீட்டுகிறான். டோனி பற்றியதும், கேப்டனின் உள்ளங்கையில் ஒளித்திருந்த கருவி டோனியின் இரும்புக் கவசத்தை முடக்கிவிடுகிறது. அழைத்தவனும் வஞ்சகம், வந்தவனும் வஞ்சகம். கதையில் எத்தனையோ கட்டடம் இடிகிறது. எனக்கு உண்மையில் ஏதோ இடிந்தது போலிருந்தது இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு யார் சமாதானத்துக்குக் கை நீட்டினாலும் மற்றவன் அந்தக் கையைத் திருப்பிப் பார்க்கத்தானே செய்வான்?

அந்தச் சண்டையிலேயே, டோனி தரப்பு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய, தோர் என்ற நாயகனின் நகல், கோலியத் என்ற பில் ஃபாஸ்டரைக் கொன்றுவிடுகிறது. பேருருவம் எடுத்த நிலையில் செத்தவனின் உடலைச் சுருக்க வழியில்லை. அடக்கம் செய்ய 38 குழிகளுக்கான இடம் தேவைப்படுகிறது. பணம் கொடுத்தவன் டோனி.

பிறகு டோனி தரப்பு சிறைக் கொடியவர்களின் உடலில் கருவி ஏற்றிப் பழைய தோழர்களைப் பிடிக்க அனுப்புகிறது. கேப்டனோ, கொலைக்கு அஞ்சாத பனிஷரை உள்ளே விடுகிறான். உதவிக்கு வந்த இருவரைப் பனிஷர் அங்கேயே சுட்டுத் தள்ளுகிறான். பங்காளிச் சண்டைகளில் நான் நெடுநாள் கண்டதும் இதுதான். வரப்புத் தகராறு நியாயமாகத்தான் தொடங்கும். கொஞ்ச நாளில், நேற்றுவரை திண்ணையில் ஏற்றாதவன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான். யார் நியாயம் என்று துருவுவதை விட்டுவிட்டு, இப்போது வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் யார் என்று பார்த்தால் சண்டை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பெட்டி டீனுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இந்தக் கதையில் ஒருவன்தான் உண்டு: பாறை உடம்புக்காரன் பென் கிரிம். சட்டம் தவறு என்று நினைக்கிறான், ஆனால் சொந்த அரசோடு சண்டையிட மனமில்லை. பாரிஸுக்குப் போய்விடுகிறான். பாரதப் போரில் பலராமர் தீர்த்த யாத்திரை போனதுதான் நினைவுக்கு வருகிறது. பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதாயுதம் பழக்கியவர் அவர். எந்தப் பக்கம் நிற்பார்? அவரும் கடைசி நாளில் திரும்பினார். கதாயுத்தத்தைப் பார்த்துக் கோபம் வந்து, பீமன் மேல் கலப்பையை ஓங்கினார். பென் கிரிம்மும் கடைசிச் சண்டைக்குத் திரும்புகிறான். ஆனால் யாரையும் அடிக்க அல்ல. நடுத்தெருவில் மாட்டிக்கொண்ட ஜனங்களைக் காப்பாற்ற. இந்த ஓர் இடத்தில் அந்தப் பாறைக்காரனுக்குத்தான் என் வாக்கு.

விலகிப் போவதைக் கோழைத்தனம் என்கிறார்கள் இளைஞர்கள். சில சமயம் அப்படித்தான். ஆனால் நடுவில் நிற்பதென்றால் சும்மா நிற்பதில்லை. இரண்டு பக்கத்து வசையையும் வாங்கிக்கொண்டு, இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் நோயாளியின் மாத்திரையையும் கவனிக்க வேண்டும். அந்த வேலைக்கு நன்றி சொல்ல மாட்டார்கள். இரு தரப்பும் ‘அவன் அந்தப் பக்கத்து ஆள்’ என்றுதான் சொல்லும்.

ஏழாம் இதழில் சண்டை நியூயார்க் தெருவில் இறங்குகிறது. டோனியின் முகக்கவசம் உடைந்துவிட்டது. கேப்டன் கேடயத்தை ஓங்கிவிட்டான். அப்போது அவன் மேல் பாய்ந்து பிடித்து இழுப்பவர்கள் தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், மருத்துவ உதவியாளர் போன்ற சாதாரண ஆட்கள். திமிறுகிறான். பிறகு சுற்றிலும் நொறுங்கிக் கிடப்பதைப் பார்க்கிறான். ஜெயித்துக்கொண்டிருக்கிறோமே என்று அவன் ஆட்கள் சொல்கிறார்கள். அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு விலங்குக்குக் கையை நீட்டுகிறான். தோற்கிறவன் சமாதானம் பேசுவது உலக வழக்கம். ஓங்கிய கையோடு நிறுத்தியவனை என் ஆயுளில் அதிகம் பார்த்ததில்லை. காமிக்ஸிலாவது பார்க்கக் கிடைத்தான். ஆனால் அந்த நிறுத்தம் அவனைக் காப்பாற்றவில்லை. 2007-இல் நீதிமன்றப் படிக்கட்டில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். எழுத்தாளர்கள் சில வருடங்களில் உயிர்ப்பித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். நமக்கு அந்த வசதி இல்லை.

2016-இல் இரண்டாம் ‘சிவில் வார்’ வந்தது. டோனி மறுபடியும் ஒரு தரப்புக்குத் தலைவன். எதிர்த்தரப்புத் தலைவி கேப்டன் மார்வெல் கரோல் டான்வர்ஸ். முதல் சண்டையில் அவள் நின்றது டோனியின் பக்கம்.