மாம்பழ மஞ்சளிலிருந்து நாவல்பழம் வரை

தி.நகரில் ரங்கநாதன் தெரு நெரிசலைக் கடந்து வந்தால் அந்த மேட்சிங் சென்டர். உள்ளே மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைத் துணிதான். டூ பை டூ ரூபியா ஒரு பக்கம், பாப்ளின் ஒரு பக்கம், லைனிங் ஒரு பக்கம். ஒவ்வொரு தட்டிலும் நிறவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் இலைப்பச்சை, அதற்கடுத்து ராமர் பச்சை, கடைசியில் பாட்டில் பச்சை. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற யாரும் நிறம் பழக இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்பேன்.

"சேலை கொண்டாந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் கவுன்ட்டரில் நின்ற அண்ணன்.

"சேலைக்கு இல்லண்ணே, போர்வைக்கு. மாம்பழ மஞ்சள்ல ஆரம்பிச்சு நாவல்பழ கலர் வரைக்கும் படிப்படியா இறங்கணும்."

அவர் ஒரு நொடி யோசித்தார். வருகிறவர்கள் எல்லாம் சேலையின் நிறத்தை அப்படியே கேட்பவர்கள். இரண்டு அரக்குக்கு நடுவில் இருக்கும் மயிரிழை வித்தியாசத்தைத் தள்ளி நின்றே சொல்லிவிடும் கண் அவருக்கு. எனக்கோ அந்த வித்தியாசம்தான் வேண்டும், அதுவும் ஒரே அளவான வித்தியாசம். புரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். மாம்பழம், சாமந்தி, ஆரஞ்சு, மிளகாய்ச் சிவப்பு, ராணி பிங்க், மாதுளை, அரக்கு, நாவல்பழம் என்று ஒவ்வொன்றாக உருவி, கண்ணாடி மேசைமேல் விரலளவு தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இறக்கம் சீராக இருக்கிறதா என்பதை வண்ணத்தில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தேன். நிறத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது லைட்டும் டார்க்கும் மட்டும். போர்வையைத் தள்ளி நின்று பார்க்கும்போது கண் முதலில் பிடிப்பதும் அதைத்தான். படத்தில் மாம்பழமும் சாமந்தியும் அடுத்தடுத்த சாம்பலாக ஒழுங்காக இறங்கின. ஆரஞ்சுக்கும் மிளகாய்ச் சிவப்புக்கும் நடுவே பெரிய பள்ளம். சிவப்பும் ராணி பிங்க்கும் ஒரே சாம்பல், எல்லையே தெரியவில்லை. கடைக்காரரிடம் காட்டினேன். "அட, ரெண்டும் ஒண்ணாத் தெரியுதே!" என்று ராணி பிங்க்கை அவரே மடித்து உள்ளே வைத்தார்.

மஞ்சளிலிருந்து ஊதாவுக்குப் போகும் வரிசையை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. முழுச் செறிவில் மஞ்சள் இயல்பாகவே வெளிச்சமான நிறம், ஊதா இயல்பாகவே இருண்டது. வெள்ளையோ கறுப்போ கலக்காமல், நிறம் மாறும்போதே வெளிச்சமும் இறங்கும். ஒரே நீலத்தை வெளுக்க வைத்தும் கறுக்க வைத்தும் அடுக்குவது சுலபம், ஆனால் அதில் இந்த உயிர்ப்பு வருவதில்லை.

பள்ளத்தை அடைக்க வேண்டுமே. தனி நிறத் தட்டுகளில் தேடிப் பலனில்லை. பிரின்ட் தட்டிலிருந்து சிவப்பில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளியிட்ட சுங்குடித் துணி ஒன்றை எடுக்கச் சொன்னேன். கிட்டத்தில் சிவப்பும் வெள்ளையும் தனித்தனி. நாலடி தள்ளினால் புள்ளிகள் கரைந்து, வெளுத்த சிவப்பாகி, ஆரஞ்சுக்கும் மிளகாய்ச் சிவப்புக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. அச்சுத் துணி என்றால் இன்னொரு வசதியும் இருக்கிறது: பின்பக்கம் ஒரு படி வெளுப்பாக இருக்கும். அதையே மேல்பக்கமாக வைத்துத் தைத்தால் ஒரே துணியில் இரண்டு படி கிடைக்கும்.

"வெளிச்சத்துல பாத்துருங்கம்மா" என்று வரிசையை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு சாயம் வெயிலில் பிரிந்து நிற்கும். அரக்கில் கொஞ்சம் பழுப்பு ஓடுவது அங்கேதான் தெரிந்தது. வேறொரு அரக்கு எடுத்தோம்.

உள்ளே வந்து நாவல்பழத்தை அரக்கோடு சேர்த்து வைத்தால் கறுப்பாகத் தெரிந்தது. சந்தன நிறத் துணிமேல் வைத்தபோது பளிச்சென்று ஊதா. பாரிஸின் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய செவ்ரோல் என்ற வேதியியலாளர் இந்தச் சங்கதியைத்தான் ஆராய்ந்தார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக நெய்த கறுப்பில் அழுத்தம் இல்லை என்று புகார் வந்தபோது, கோளாறு கறுப்புச் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். அதைப் பற்றிய அவருடைய புத்தகம் 1839இல் வந்தது. எங்கள் வரிசையில் முதல் படியாகச் சந்தனத்தைச் சேர்த்தேன். மொத்தம் ஒன்பது படிகள்.

ரூபியா மெல்லிசு, அதற்கேற்றபடிதான் தைக்க வேண்டும். தையல் மடிப்பை எப்போதும் டார்க் பக்கமாகவே திருப்பி இஸ்திரி போட வேண்டும். மாற்றினால் அரக்கின் விளிம்பு வெளிர் துணிக்கு அடியில் கோடாகத் தெரியும். சிவப்புகளைத் தைக்கும் முன் கட்டாயம் நனைத்துப் பார்க்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தித் தேய்த்தாலே சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். சிவப்பு இறங்கி மஞ்சளில் ஒட்டிக்கொண்டால் வரிசையே போச்சு.

"எவ்ளோ வெட்டட்டும்?"

நான் தைக்கப்போவது நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி வைரவடிவில் விரியும் அமைப்பு. நடுவில் 1, அடுத்த சுற்றில் 4, பிறகு 8, 12 என்று கூடி, ஒன்பதாவது நிறத்துக்கு 32 சதுரங்கள். இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டினால், 36 அங்குலப் பன்னாவில் ஒரு பட்டைக்கு 14 வரும். மூன்று பட்டை எடுத்தால் எந்தச் சுற்றுக்கும் போதும். அதனால் எல்லாவற்றிலும் கால் மீட்டர்.

"கால் மீட்டர்ல ரவிக்கை வராதேம்மா" என்று சிரித்தபடியே கத்தரியை எடுத்தார். பிறகு நிறுத்தி, "நடுவுல எது வருது?" என்றார். சந்தனம் என்றேன். நடுவில் வெளிச்சத்தை வைத்தால் அது முன்னே வரும், டார்க்கை வைத்தால் உள்வாங்கும். வரிசையைத் திருப்பி வைத்து அதையும் பார்த்தோம். இருவருக்குமே சந்தனம்தான் பிடித்தது. நாவல்பழத்தில் மட்டும் அரை மீட்டர் சேர்த்து வெட்டச் சொன்னேன், ஓரப்பட்டைக்கு.