ஹீரோவை விட்டுட்டு குழலைப் பாக்குற கேஸ்

நேத்து ராத்திரி மறுபடியும் 'வின்செஸ்டர் 73'. 1950ல வந்த படம்.
ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பாட்டுக்கு நடிக்கிறார். என் கண்ணு துப்பாக்கிக் குழல்லயே நிக்குது.

எட்டுப் பட்டையா, உருண்டையா?
இல்ல பாதிக்குப் பாதியா? (அதுவும் உண்டு. தோட்டா போடுற பக்கம் பட்டை, முனைப் பக்கம் உருண்டை.)

படத்துல வர்ற வின்செஸ்டர் 1873 மாடல்ல குழல் 24 அங்குலம்னா ரைஃபிள், 20னா கார்பைன். ஆனா டேப்பை மட்டும் நம்பக் கூடாது. கேட்டவங்களுக்கு வேற நீளத்துலயும் செஞ்சு குடுத்திருக்காங்க.

படத்துல அடிச்சிக்கிற 'ஆயிரத்தில் ஒன்று' ரகம் நிஜமாவே இருந்தது.
சோதனையில பிரமாதமா சுட்ட குழலைத் தனியா எடுத்து வச்சு, அது மேலயே அந்தப் பேரைப் பொறிச்சு, 100 டாலர்னு வித்தாங்க. மொத்தமே நூத்திச் சொச்சம்தான்.
அப்புறம் போலி வராம இருக்குமா?

பொறிப்பை யார் வேணா பொறிக்கலாம். சீரியல் நம்பரை வயோமிங்ல 'கோடி'ங்கற ஊர் அருங்காட்சியகத்துல இருக்குற பழைய கம்பெனிப் பதிவேட்டோட ஒத்துப் பாக்குறதுதான் சரி.

இவ்ளோ பேசுற நான் பிடிச்ச ஒரே துப்பாக்கி, தீபாவளி ரோல் கேப் துப்பாக்கி. அதுக்கே காதைப் பொத்திக்குவேன் 😄

படம் பாத்தவங்க சொல்லுங்க, உங்க கண்ணு எங்க போச்சு?