சூடு எங்கே மாட்டிக்கொள்கிறது?

மொழிபெயர்ப்பாளனுக்குக் குழி பறிக்கும் சொற்களில் 'ரேடியேட்டர்' ஒன்று. 'கதிர்வீசி' என்று நேராகத் தமிழாக்கினால் இலக்கணம் சரி, இயற்பியல் தப்பு. வண்டியின் ரேடியேட்டரிலிருந்து சூடு கதிராக வெளியேறுவது சொற்பம். அதன் மெல்லிய தகடுகளை உரசிச் செல்லும் காற்றுதான் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போகிறது. பெயர் வைத்தவர்கள் காற்றை மறந்துவிட்டார்கள். வண்டி கொதிக்கிறது என்றதும் பெரிய ரேடியேட்டர் வாங்கப் புறப்படுகிறவர்களும் பெரும்பாலும் காற்றைத்தான் மறக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இது வெறும் சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, தொண்ணூறுகளில் ஏலத்தில் எடுத்த டீசல் ஜீப் ஒன்று தார்நாகா வீட்டு வாசலில் நிற்கிறது. அம்மா போன பிறகு அப்பா வீட்டைவிட்டு வெளியே கிளம்புவதே அபூர்வம். கிளம்பினால் அந்த ஜீப்பில்தான். அதுவோ வெயில் காலத்தில் ஹப்சிகூடா தாண்டுவதற்குள் முள்ளைச் சிவப்புக்கு ஏற்றிவிடும். 15 வருடம் கடந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. "ஸ்ரீசைலம் மலை ஏறட்டும். ஏறலேன்னா எடைக்குப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். அவர் எடைக்குப் போடச் சொன்னது ஜீப்பை மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது.

யோசனை டெக்சாஸிலிருந்து வந்தது. அக்கா பையன் அங்கே சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிற நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டி வைத்திருக்கிறான். அதன் ரேடியேட்டர் முன்சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாக இருப்பதால் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராகத் தகடுகளில் அப்பிக்கொள்ளும். மெதுவாகப் போகும் வண்டி என்பதால் எதிர்காற்றும் கிடைக்காது, ஃபேனை நம்பித்தான் பிழைப்பு. அதனால் பலரும் பெரிய அலுமினிய ரேடியேட்டர் மாட்டுகிறார்கள். சிலர் அதைச் சேறு எட்டாத உயரத்துக்கே தூக்கிவைத்துவிடுகிறார்கள். "தாத்தா, பெரிசா ஒண்ணு போட்டுடுங்க, பிரச்சினை தீர்ந்தது" என்றான் போனில்.

அவன் சொன்னது அங்கே சரி. நம் ஊரிலும் அதே கஷ்டம் உண்டு. சேற்றுழவில் இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் நாள் முழுக்க நடை வேகத்தில் முக்கிக்கொண்டிருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசி போர்வையாகப் படிகிறது. ஆனால் எங்கள் ஜீப்புக்கு என்ன வியாதி என்று யாரும் இன்னும் பார்க்கவில்லையே!

எஞ்சின் என்பது முக்கால்வாசி அடுப்பு. எரிகிற எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு உதவுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். முன்னோடிகள் இதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1888இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப் போனபோது அந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகும், கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி மறுபடி ஊற்ற வேண்டும். 1900இல் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய 35 குதிரைசக்தி மெர்சிடிஸில்தான் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் வந்தது. அதில் 8,070 சிறு குழாய்கள். முன்பு 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதுமென்றானது. தண்ணீரைக் கூட்டியல்ல, காற்று தொடும் பரப்பைக் கூட்டித்தான் மேபாக் ஜெயித்தார்.

காற்றே சூடாக இருந்தால்? ஹைதராபாத்தின் சிக்கல் அங்கேதான். எஞ்சின் நீர் 90 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் இடைவெளி 65. மே மாத மதியம் காற்று 43 டிகிரியைத் தொட்டால் இடைவெளி 47தான். சூடு கைமாறுவது இந்த இடைவெளியைப் பொறுத்தது. அதாவது ஒரு குறையுமில்லாத ரேடியேட்டர்கூட வெயிலில் தன் திறனில் கால் பங்குக்கு மேல் இழக்கிறது. ஏற்கெனவே அரைகுறையாக வேலை செய்வது எப்படித் தாங்கும்?

லாலாகுடா பக்கம் ரேடியேட்டர் வேலையே தொழிலாகக் கொண்ட ஒரு பாய் இருக்கிறார். தக்கினி உருதுக்காரர். ரயில்வே குடியிருப்புத் தமிழர்களோடு பழகித் தமிழும் பேசுவார். புதிசு போடலாமா என்று கேட்டதும் கையை ஆட்டினார். "நக்கோ சாப். சூடு எங்கே மாட்டிக்கிச்சுன்னு முதல்ல பாக்கணும்."

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ரேடியேட்டர் வாயில் இருந்த தண்ணீரையே உற்றுப் பார்த்தார். ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தமாம். அப்படியானால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்டம். எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவுக்கு ஜீப் தாங்காது. அப்பா பக்கத்தில் நின்று மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி வரவில்லை.

அடுத்து எஞ்சினைச் சூடேற்றி அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தினார். சில இடம் சுட்டது, சில இடம் வெதுவெதுப்பு. வெதுவெதுப்பான இடங்களில் தண்ணீர் ஓடவில்லை. மேல் தொட்டியின் ஈயப் பற்றைச் சூட்டில் இளக்கித் திறந்ததும் காரணம் தெரிந்தது. குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக் காறையால் அடைபட்டிருந்தது. கீஸரைக் கழற்றிப் பார்த்த ஹைதராபாத்வாசி எவருக்கும் தெரிந்த காறைதான். வருடக் கணக்கில் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு. அது அடைப்பது மட்டுமில்லை, பித்தளைக்குப் போர்வை போர்த்தி சூட்டையும் உள்ளேயே பிடித்துவைக்கிறது.

அத்தோடு முடியவில்லை. ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகர உறையைக் காணோம். அது இல்லாவிட்டால் ஃபேன் எதிரிலிருந்து காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே கிளறிக்கொண்டிருக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போயிருந்தது. இந்த மூடி சாதாரண மூடியல்ல. கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஹைதராபாத்தில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் கொதிநிலை 110 டிகிரிக்கும் மேலே போகும். தெர்மோஸ்டாட்டையும் முன்பு எந்த மெக்கானிக்கோ பிடுங்கி எறிந்திருக்கிறார். எடுத்துவிட்டால் வண்டி சூடாகாது என்பது நம் ஊர் நம்பிக்கை. உண்மையில் சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். எங்களுடையது அந்த ரகம்.

பாய் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். தகடுகளில் ஒட்டியிருந்த தூசியையும் பூச்சிகளையும் எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்து வெளியேற்றினார். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். பழைய இரும்புக் கடையில் ஓர் உறை கிடைத்தது. மூடியும் தெர்மோஸ்டாட்டும் புதிது. போர்வெல் தண்ணீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் சரிபாதி.

கடைசியாகத்தான் நாங்கள் கேட்டுப் போன விஷயத்துக்கு வந்தார். அடைபட்ட குழாய்களில் சில கம்பி விட்டும் பிழைக்காததால் நடுப்பகுதியையே மாற்ற வேண்டியிருந்தது. மூன்று வரிசைக்குப் பதில் நான்கு வரிசைக் குழாய் வைத்தார். "அஞ்சு வைக்கலாமே?" என்றார் அப்பா. முதல் வரிசையைக் கடக்கும்போதே காற்று சூடாகிவிடுகிறது, பின்னால் இருப்பவற்றுக்குச் சுட்ட காற்றுதான் மிச்சம் என்றார் பாய். வரிசை கூடக்கூடக் காற்று நுழைவதும் கஷ்டம். நாலு போதும்.

மே மாதம் ஸ்ரீசைலம் போனோம். காட்டைத் தாண்டி அணைக்கு இறங்கி, மறுகரையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். "சின்ன கியர்லயே ஏத்துங்க சாப், பம்பும் ஃபேனும் வேகமா சுத்தும்" என்பது பாயின் உத்தரவு. அப்பா பாதையைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பாதியைத் தாண்டவில்லை. திரும்பிய வாரமே பதிவுக் காகிதங்களைத் தேடியெடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

'அப்கிரேட்' என்பதை 'மேம்படுத்துதல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். பாய் புதிதாகக் கூட்டியது ஒரு வரிசைக் குழாய்தான். மற்றதெல்லாம் அடைப்பை எடுத்ததும், காணாமல் போனதைத் திருப்பி வைத்ததும். வண்டியை வடிவமைத்தவர் நினைத்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தினார், அதற்கு மேல் அரைப்படி. இதற்குத் தமிழில் 'பழுதுபார்த்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. பழுதை முதலில் பார்க்கச் சொல்கிற சொல்.

அந்தப் பார்வைக்கு இனி வேலை குறைவு. இன்றைய கார்களில் அலுமினிய ரேடியேட்டருக்குப் பிளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பூட்டி அனுப்புகிறார்கள். எடை குறைவு, விலை மலிவு, சூட்டையும் நன்றாகவே கடத்தும். ஆனால் பற்றை இளக்கித் திறக்க முடியாது. கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான். பாயின் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறான். கடை வாசலில் கழற்றிப் போட்ட அலுமினியக் கூடுகள் இடுப்பளவு குவிந்து கிடக்கின்றன. வாரம் ஒருமுறை ஆள் வந்து எடைபோட்டு எடுத்துப் போகிறார். பாய் அவற்றில் எதையும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.