வெளிச்சுவரின் அபாயமணி

மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு, இடையே உடப்பு. இங்கு உப்புக்காற்று செம்பையும் இரும்பையும் ஓயாது தின்னும். எமது வீட்டுத் திருட்டு அபாயமணியும் அதற்கே இரையாயிற்று. காரணமின்றி இருமுறை நள்ளிரவில் அலறி, கரைவலைக்கு விடியுமுன் எழவேண்டிய அயலாரின் உறக்கத்தைக் கெடுத்தது. மூன்றாம் முறை மெய்யாகவே கள்வன் வந்தால் எவர்தான் எட்டிப்பார்ப்பார்?

புதுமணி வாங்கினோம். அமெரிக்கரான அகஸ்டஸ் போப் 1853ஆம் ஆண்டிலேயே திருட்டைக் காட்டும் மின்மணிக்குக் காப்புரிமை பெற்றவர். அவருடைய மணி கதவு திறந்தால் ஒலித்தது. எமது வெளிமணியோ கம்பியை அறுத்தாலும் ஒலிக்கும். அதனுள்ளே தனியாக ஒரு சிறு பற்றரி உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து இடையறாது வரும் 12 வோல்ற் மின்சாரமே அதனை அடக்கிவைக்கிறது. வாயைப் பொத்தினால் உரக்கக் கத்தும் இக்காவற்காரனை எமக்குப் பிடித்துப்போயிற்று!

ஆதலால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பெட்டியைப் பழுதுபார்க்கும் நிலைக்கு மாற்றியபின் ஏணியேறி, பழைய மணியின் பற்றரியைக் கழற்றினோம். அதன்பின்னரே பெட்டியின் மின்சாரத்தையும் பற்றரியையும் துண்டித்தோம். பச்சை பூத்த கம்பி நுனிகளைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டினோம். நேர், எதிர், ஒலிக்க ஆணையிடுவது, மூடி திறந்தால் அறிவிப்பது என ஒவ்வொன்றையும் புதுமணியின் குறிப்புத்தாளைப் பார்த்தே பூட்டினோம். பழைய ஒழுங்கு எல்லா மணிக்கும் பொருந்தாது. திருகாணிகளுக்கு வாசலின் பூசி, மழைநீர் உள்ளே இறங்காதபடி கம்பியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டோம். பெட்டிக்கு மின்சாரம் வந்தபின், இறுதியாக மணியின் பற்றரி.

அயலாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தோம். வலை இழுக்கும் இடம்வரை கேட்டதாகச் சம்மாட்டியார் ஒருவர் வந்து கூறினார்.