எத்தனை பேர் விரும்பினர்?

2024-ஆம் ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பின்போது, நம் பங்கின் பாடற்குழுவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி பதிலுரைப் பாடலைத் தனியே பாடினாள். இளைஞர் சிலர் அதனைப் படமெடுத்து முகநூலில் வெளியிட இசைவு வேண்டினர். நாமும் மகிழ்ந்து இசைந்தோம். அடுத்த ஞாயிறன்று அவள் பாடற்குழுவில் இல்லை. கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னே அமர்ந்திருந்தாள்.

காரணத்தைத் தாயார் வந்து சொன்னார். அப்படத்தின் கீழ் யாரோ ஒருவர் அவள் நிறத்தையும் முகப்பருக்களையும் ஏளனம் செய்து எழுத, பலர் அதற்குச் சிரிப்புக்குறி இட்டிருந்தனராம். “சாமி, பிள்ளை பள்ளிக்கூடம் போகவும் கூசுகிறாள், இரவெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்” என்று கண்கலங்கினார். “இது அற்பக் காரியம் அம்மா, மறந்துவிடச் சொல்லுங்கள்” என்றோம். அச்சொல்லுக்காக இன்றும் வெட்குகிறோம்.

அன்றிரவு, நமது மறையுரையின் ஒளிப்பதிவை எத்தனை பேர் விரும்பினர் என்று பார்க்கக் கைப்பேசியைத் திறந்தோம். அன்று அது மூன்றாம் முறை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐம்பதைக் கடந்த குருவுக்கே அந்த எண் தேவைப்படுமாயின், பிறர் கண்ணில் தன்னைத் தேடும் பருவத்துப் பிள்ளையின் பாடு என்ன? முன்னாளில் தெருவில் எழுந்த ஏளனம் வீட்டு வாசலோடு நின்றது. இன்றோ அது தலையணை அருகே வந்து கிடக்கிறது.

யோர்தான் ஆற்றங்கரையை நினைத்துக்கொண்டோம். இவரே தம் அன்பு மகன் என்று தந்தை அறிவித்த அந்நாளில், இயேசு இன்னும் ஓர் அருங்குறியும் செய்திருக்கவில்லை. மக்கள் போற்றுமுன்னும் தூற்றுமுன்னும் தந்தையின் அன்பு அவருக்கு உரியதாயிருந்தது. திருமுழுக்குப் பெற்ற நம் பிள்ளைகளும் அவ்வன்பில் பங்குடையோரே. அதனை அவர்கள் முதலில் கேட்க வேண்டியது நம் வாயிலிருந்து அன்றோ?

மறுநாள் படத்தை நீக்கச் செய்து, அவள் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் தலைகுனிந்து நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

பெற்றோரே! பிள்ளையின் காயத்தை நம்மைப்போல் அற்பமென்று தள்ளாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். குடும்ப செபத்தின்போதும் உணவின்போதும் முதலில் உங்கள் கைப்பேசியை அகற்றி வையுங்கள். 2006-இல் 15 வயதில் இறந்து, 2025-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினியில் வல்லவராயிருந்தும் வீடியோ விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரமே ஒதுக்கினார். அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யுங்கள். உண்ணாமை, உறங்காமை, எவரையும் காண அஞ்சுதல் ஆகியவை நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். அது விசுவாசக் குறைவன்று.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியிலும் அச்சிறுமி தூணுக்குப் பின்னேதான் அமர்ந்திருந்தாள். ஆயினும் வானவர் கீதத்தின்போது அங்கிருந்து ஒரு குரல் மெல்ல எழுந்தது. அதனை எவரும் படமெடுக்கவில்லை. ஆண்டவர் கேட்டார், நாமும் கேட்டோம்.