முகவரி: கிளேர் மார்கன்

வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் பெரிய கவர் வரும். பிரித்தால் உள்ளே பத்து, பதினைந்து கடிதங்கள். கையெழுத்துகள் வேறு வேறு, ஊர் முத்திரைகள் வேறு வேறு. ஆனால் எல்லாக் கடிதங்களிலும் பெறுநர் பெயர் மட்டும் ஒன்றுதான்: கிளேர் மார்கன், கேர் ஆஃப் பதிப்பகம். பதிப்பகத்தார் அவற்றைச் சேர்த்துக் கட்டி அனுப்பிவைப்பார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம். கிளேர் மார்கன் என்று யாரும் கிடையாது. கவரைப் பிரித்துக் கடிதங்களைப் படித்தவர் பட்ரீசியா ஹைஸ்மித்.

1953ல் ஹைஸ்மித்துக்கு 32 வயது. டெக்சாஸில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் வந்திருந்த அவரது முதல் நாவல் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்', ரயிலில் சந்திக்கும் இரண்டு பேர் ஆளுக்கொரு கொலையைப் பரிமாறிக்கொள்ளும் கதை. மறு வருடமே ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்துவிட்டார். அத்துடன் பதிப்பாளர்கள் ஹைஸ்மித் மீது ஒரு முத்திரை குத்திவிட்டார்கள்: சஸ்பென்ஸ் எழுத்தாளர். அடுத்த நாவலும் அதே ரகத்தில் வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

வந்ததோ 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' (உப்பின் விலை). இரண்டு பெண்களின் காதல் கதை. முதல் நாவலை வெளியிட்ட ஹார்ப்பர் நிறுவனம் இதை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. 1952ல் கவர்டு-மெக்கான் என்ற வேறொரு நிறுவனம் வெளியிட்டது. அட்டையில் ஹைஸ்மித்தின் பெயர் இல்லை. சஸ்பென்ஸ் முத்திரை போய் இன்னொரு முத்திரை ஒட்டிக்கொள்ளும், அது லேசில் கழன்று வராது என்ற பயம். கிளேர் மார்கன் பிறந்தது அந்தப் பயத்தில்தான்.

கதைக்கு விதை விழுந்தது 1948 டிசம்பரில். கிறிஸ்துமஸ் கூட்டத்தைச் சமாளிக்க நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் பெருங்கடை தற்காலிக ஆட்களை எடுத்தது. பொம்மைப் பிரிவில் ஹைஸ்மித்தும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளம் எதற்காக என்பதும் கதையின் ஒரு பகுதிதான். ஒரு ஆணைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி தன்னை 'மாற்றிக்கொள்ள' அவர் மனநல சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் செலவுக்குத்தான் பணம் தேவைப்பட்டது.

ஒரு காலையில் ஃபர் கோட் அணிந்த ஒரு பெண் வந்தார். பொன்னிறக் கூந்தல். மகளுக்கு ஒரு பொம்மை வாங்கினார், அனுப்பவேண்டிய விலாசத்தைச் சொன்னார், போய்விட்டார். சில நிமிடங்கள்தான். ஹைஸ்மித்துக்குத் தலை சுற்றியது. அன்று மாலை வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் முழுக் கதையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்தார். பிறகு காய்ச்சல் வந்தது, சின்னம்மை. கடையில் குழந்தைகள் யாரிடமிருந்தோ தொற்றியிருந்தது. அந்தப் பெண்ணை அதன்பின் அவர் சந்தித்துப் பேசவே இல்லை. தன்னால் ஒரு நாவல் பிறந்தது அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது. புத்தகம் வருவதற்கு முன்பே, 1951ல், அவர் இறந்துவிட்டார்.

நாவலில் தெரீஸுக்குப் பத்தொன்பது வயது. நாடக மேடைகளுக்கு அரங்கம் அமைக்கும் கனவோடு, பெருங்கடையில் பொம்மை விற்கிறாள். கரோல் வசதியான வீட்டுப் பெண். விவாகரத்து வழக்கில் இருப்பவள், ஒரு சிறு பெண்ணின் தாய். இருவரும் காரில் மேற்கு நோக்கிக் கிளம்புகிறார்கள். பாதி வழியில்தான் தெரிகிறது, பின்னால் ஒரு தனியார் துப்பறிவாளன் வருகிறான். ஓட்டல் அறையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து அவர்கள் பேச்சைப் பிடித்திருக்கிறான். கணவனின் ஏற்பாடு. அந்த ஆதாரம் நீதிமன்றம் போனால் கரோலுக்கு மகள் இல்லை. கரோலிடம் ஒரு துப்பாக்கியும் இருக்கிறது. காதல் கதை என்றாலும் துரத்தல், ஒட்டுக்கேட்டல், துப்பாக்கி எல்லாம் உண்டு. சஸ்பென்ஸ் எழுதிய கை சும்மா இருக்குமா?

ஆனால் விமர்சகர்களுக்கு அது போதவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' மதிப்புரை நாசூக்காக, நேர்மையாக எழுதியிருப்பதாகப் பாராட்டியது. கூடவே, கருவில் இருக்கும் நாடகத் தன்மை போதிய வேகத்தோடு வெளிப்படவில்லை என்று குறையும் சொன்னது.

வாசகர்களின் அபிப்பிராயம் நேர் எதிர். அடுத்த வருடம் பேன்டம் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பு வந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பிரதிகள் விற்றன என்பது ஹைஸ்மித்தே பின்னாளில் சொன்ன கணக்கு. கை மாறிப் படித்தவர்கள் தனி. அவர்களில் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படித்தார்கள். விமர்சகருக்குத் தெரியாத ஒரு சஸ்பென்ஸ் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துப்பறிவாளன் கண்டுபிடிப்பானா என்பதல்ல அவர்கள் கேள்வி. இந்த இரண்டு பெண்களும் கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருப்பார்களா?

ஏன் இப்படி ஒரு கேள்வி? அதுவரை அவர்கள் படித்த கதைகள் அப்படி. ஓரினக் காதலில் விழுந்தவர்கள் மணிக்கட்டை அறுத்துக்கொள்வார்கள், தண்ணீரில் மூழ்குவார்கள், பைத்தியமாவார்கள், அல்லது 'திருந்தி' ஒரு ஆணைக் கல்யாணம் செய்துகொள்வார்கள். இதெல்லாம் எழுத்தாளர்களின் கற்பனை வறட்சி மட்டுமல்ல. அதே 1952ல் மாரிஜேன் மீக்கர் என்ற இளம் பெண், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற நாவலை எழுதினார். கல்லூரி விடுதித் தோழிகள் இருவரின் காதல். முடிவு சந்தோஷமாக இருக்கக்கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஓரினக் காதலை நல்லதாகக் காட்டினால் தபால் துறை புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும் என்பது அவர் பயம். அதனால் ஒருத்திக்குப் புத்தி பேதலித்தது. இன்னொருத்தி தான் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வந்தாள். புத்தகம் அமோகமாக விற்றது.

காலமும் அப்படிப்பட்ட காலம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் ஓரின ஈர்ப்பும் இருந்தது. அது அந்தப் பட்டியலிலிருந்து நீங்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1952 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று மலிவுப் பதிப்பு நாவல்களில் ஆபாசம் இருக்கிறதா என்று விசாரணை நடத்தியது. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த உத்தரவால் அரசு ஊழியர்கள் இதே காரணத்துக்காக வேலை இழந்தார்கள். மன்ஹாட்டனில் இவர்கள் கூடும் மதுக்கூடங்களுக்குப் போகிறவர்கள், யாராவது பார்த்துச் சந்தேகப்படுவார்களோ என்று, ஒரு ஸ்டேஷன் முன்னதாகவோ பின்னதாகவோ ரயிலை விட்டு இறங்கி நடந்ததை ஹைஸ்மித்தே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். பின்தொடர்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது அவர்களுக்கு நாவலில் வரும் காட்சி அல்ல, தினப்படி வாழ்க்கை.

அப்படிப்பட்டவர்கள் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். கரோல் மகளை இழக்கிறாள். இனி ஒழுங்காக இருப்பேன் என்று அவர்கள் நீட்டிய உறுதிமொழிப் பட்டியலுக்குத் தலையாட்ட மறுத்ததற்கான விலை அது. வலிக்கிற விலை. ஆனால் அவள் சாகவில்லை, திருந்தவும் இல்லை. தெரீஸ் ஒரு உணவு விடுதிக்குள் நுழைந்து, கூட்டத்தில் கரோலைக் கண்டுபிடித்து, அவளை நோக்கி நடக்கிறாள். அவ்வளவுதான்.

அந்த முடிவும் மயிரிழையில் தப்பியது. 1950ல் ஹைஸ்மித் முடிவை இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தார். ஒன்றில் இருவரும் பிரிகிறார்கள். இன்னொன்றில் சேர்கிறார்கள். அவருடைய இலக்கிய முகவர் மார்கோ ஜான்சன் இரண்டையும் படித்துவிட்டு, சேர்வதுதான் நன்றாக இருக்கிறது என்றார்.

கடிதங்களில் பெரும்பாலானவை அந்த முடிவைப் பற்றித்தான். எங்கள் மாதிரி ஆட்கள் சாகாமல் முடிகிற முதல் புத்தகம் இதுதான் என்று பலர் எழுதினார்கள். நாங்கள் எல்லோரும் தற்கொலை செய்துகொள்வதில்லை, நிறையப் பேர் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று சிலர். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் எழுதினார்கள். கதை தன்னுடைய கதை என்றவர்கள் உண்டு. இந்தச் சின்ன ஊரில் தன்னைப்போல் வேறு யாருமே இல்லை, பேச ஒரு ஜீவன் கிடையாது, என்ன செய்யட்டும் என்று யோசனை கேட்டவர்களும் உண்டு.

முகம் தெரியாத ஒரு எழுத்தாளரிடம், அதுவும் இல்லாத ஒரு பெயரிடம், இதைக் கேட்டார்கள். வீட்டில் கேட்க முடியாது. டாக்டரிடம் கேட்டால் நோய் என்பார். போலீஸிடம் போனால் கைதாகலாம். ஒரு நாவலாசிரியையைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

ஹைஸ்மித் பல கடிதங்களுக்குப் பதில் போட்டார். தனியாக இருப்பவர்களுக்கு, இன்னும் பெரிய ஊருக்குப் போய்ப் பாருங்கள், அங்கே ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். நடைமுறை யோசனைதான். உபதேசம் இல்லை. எல்லோருக்கும் எழுத அவரால் முடியவில்லை. 

தைரியம் வந்தது என்று வாசகர்கள் நன்றி சொன்னார்கள். தைரியம் கொடுத்தவரோ தன் பெயரை வெளியே சொல்லும் தைரியம் இல்லாமல் இருந்தார். இதை வைத்து அவரைக் கோழை என்று தள்ளிவிடவும் முடியாது, வீராங்கனை என்று மாலை போடவும் முடியாது. ஹைஸ்மித் சுலபமான மனுஷி அல்ல. குடி, மனிதர்கள் மீது கசப்பு, கடைசி வருடங்களில் யூதர்கள் மீது வெறுப்பு எல்லாம் சேர்ந்த ஆள். கொடி பிடிக்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று ஒதுங்கியே இருந்தார். 1955ல் 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' வந்தது. வேறொருவனின் பெயரையும் வாழ்க்கையையும் அணிந்துகொண்டு, எப்போது மாட்டிக்கொள்வோமோ என்று வாழும் ஒருவனின் கதை. அதை அவர் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். கொலைகாரனைப் பற்றி எழுதினால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

வாசகர்கள் விடவில்லை. 1956ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட 'தி லேடர்' என்ற சிறு பத்திரிகை, இத்தகைய பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மேடையானது. அதில் புத்தகப் பகுதி எழுதியவர் பார்பரா கிரியர். அவருக்கும் அங்கே ஒரு புனைபெயர். 1973ல் அவர் கூட்டாளிகளுடன் நயாட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். 1980களில் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை மறுபதிப்புச் செய்ய ஹைஸ்மித்திடம் அனுமதி கேட்டார். சொந்தப் பெயர் என்றால் கூடுதல் தொகை, புனைபெயர் என்றால் குறைவு. ஹைஸ்மித் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் கழித்தும் கிளேர் மார்கன் ஓய்வு பெறவில்லை.

ஓய்வு பெற்றது 1990ல். 'கரோல்' என்று பெயர் மாற்றி லண்டனின் புளூம்ஸ்பரி வெளியிட்டபோது, முதல் முறையாக அட்டையில் பட்ரீசியா ஹைஸ்மித் என்று இருந்தது. அப்போது அவருக்கு 69 வயது. ஐந்து வருடம் கழித்து, 1995 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் லோகார்னோவில் காலமானார். இறந்த பிறகு அவர் வீட்டின் துணி அலமாரிக்குள்ளிருந்து 8,000 பக்கங்களுக்கு நாட்குறிப்புகளும் நோட்டுகளும் கிடைத்தன. 2015ல் டாட் ஹேன்ஸ் நாவலைப் படமாக்கினார். கேட் பிளான்செட் கரோல், ரூனி மாரா தெரீஸ். படம் ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. தியேட்டர் விளக்குகள் எரிந்தபோது, கடைசிக் காட்சியை முன்கூட்டியே அறிந்திருந்த சில வயதான பெண்களும் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும்.

1990 பதிப்பில் ஹைஸ்மித் ஒரு பின்னுரை சேர்த்தார். நாவல் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிதங்களைப் பற்றியும் பேசுகிறார். என்னென்ன எழுதினார்கள், எத்தனை வந்தன, எல்லோருக்கும் தன்னால் பதில் போட முடியாமல் போனது எப்படி என்றெல்லாம். இத்தனை காலம் கழித்தும் அவருக்கு அவை ஞாபகம் இருந்தன.

பதில் கிடைக்காத யாரோ ஒருத்தி, ஏதோ ஒரு சின்ன ஊரில், அதற்குள் பாட்டியாகியிருப்பாள். புத்தகக் கடையில் அந்தப் பதிப்பைப் புரட்டியிருந்தால் பல வருடம் தாமதமாக அவளுக்குப் பதில் கிடைத்திருக்கும். எழுதியவர் பெயரும் இந்த முறை சரியாக இருந்தது.