விடியற் குளிரும் ஒரு திருகாணியும்

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. தைமாத விடியலில் அங்கு பழைய டீசல் லொறியொன்றை இயக்குவது எளிதன்று. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்டுச் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர்கள் அச்சூட்டைக் கவர்ந்துகொள்ள, எஞ்சின் வெண்புகை கக்கித் தடுமாறும்.

உடனே சாரதிகள் சிலர் பம்பிலுள்ள ஐட்லிங் திருகாணியை முறுக்கிவிடுவர். எஞ்சின் நின்றுபோகாது, அவர்களும் மகிழ்வர். ஆயின், அத்திருகாணி சூடேறிய எஞ்சினுக்கென அமைந்தது. குளிருக்காக உயர்த்திய வேகம் சூடேறியபின் மேலும் ஏறும். காலை எடுத்த பின்னரும் கவர்னர் அவ்வேகம் வரை டீசலை ஊட்டிக்கொண்டேயிருக்கும். றம்பொடை இறக்கத்திலே, தாழ்ந்த கியரில் பாரத்தை இழுத்துப் பிடிக்கவேண்டிய எஞ்சின், ஊர்ந்து செல்லவேண்டிய வளைவுகளில் லொறியைத் தள்ளத் தொடங்கும்; சுமை முழுவதும் பிறேக்கின்மீது விழும். தேயிலை மூட்டைகளோடு இறங்கும் வண்டிக்கு இது சிறு விடயமன்று.

முறையறிந்த மெக்கானிக் விடியலில் திருகாணியைத் தொடுவதில்லை. கைத்திறொட்டிலைச் சற்றே இழுத்துவைத்து ஓடவிடுவார். வெப்பமானி உரிய இடத்தை அடைந்ததும் அதனை முற்றாகத் தள்ளிவிட்டு, அதன் பின்னரே திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கைந்நூல் கூறும் வேகத்தில் நிறுத்துவார். மறுநாட் காலையும் தடுமாற்றம் தொடர்ந்தால், தேய்ந்த றிங்குகளிலோ ஒழுகும் இன்ஜெக்டரிலோதான் குற்றத்தைத் தேடவேண்டும். அதற்கு லொறி ஒருநாளாவது கராஜில் நிற்கவேண்டும். முதலாளிமார் பலர் அதற்கு இசைவதில்லை.